ஈரம் காயும்வரை

ஆவாரங்கரையில் தலைவர்கள் வாய் திறப்பது பெரும்பாலும் மீன் ஏலம் முடிகிற நேரத்தில்தான். அப்போதுதான் கூட்டம் ஓரிடத்தில் நிற்கும், கேட்கிற மனமும் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். ஐஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களின் மணிக்கட்டில் சொல்வளை சில்லென்று குளிர்ந்தது. எல்லோரும் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். வளையில் நீலம் ஓடியது. "ஈரம்" என்றார் யாரோ ஒருவர். மறுபடி பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். தலைவர் சொல்லும் சொல் முதலில் ஈரமாக இருக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் யாராவது சாய்வார்களா? அதுபோல ஈரச் சொல்லை நம்பி யாரும் ஒரு துரும்பையும் அசைக்கமாட்டார்கள். சொல்லாய்வு நிலையம் அதை விசாரித்து, மெய் என்றால் மெய் என்று அறிவிக்கும். அப்போது வளை வெளுத்து, கையில் இதமாகச் சுடும். சொல் காய்ந்துவிட்டது என்று பொருள். பொய் என்றால் வளை ஒருமுறை இறுகித் தளரும். சொன்னவர் கதை அத்தோடு முடிந்தது.

அந்த நிலையத்தில் நான் உதவி ஆய்வாளன். பெயர் இசக்கிராஜ். எனக்கு மேலே செண்பகவல்லி மேடம். கடற்கரைச் சாலையில், இரும்புக் கதவு போட்ட ஒரு மாடிக் கட்டடம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உள்ளங்கையை அங்கிருக்கும் பதிவுத் தட்டின்மேல் வைத்தால்தான் ஒரு சொல்லை மெய் என்றோ பொய் என்றோ அறிவிக்க முடியும். சொன்ன தலைவர், பேசி முடித்த கையோடு எங்கள் நிலையத்துக்கு வந்து, ஈரம் காயும்வரை எங்களோடு உட்கார்ந்திருக்கவேண்டும். ஓடிப்போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. பெரும்பாலான நாட்களில் அது சலிப்பான வேலை. தலைவர்கள் இப்போதெல்லாம் தார்ச்சாலை போட்ட கதையையும் சாக்கடை வாரிய கதையையும்தான் பேசுகிறார்கள். நாங்களும் போய்ச் சாக்கடையைப் பார்த்துவிட்டு வந்து கை வைப்போம்.

முன்பு அப்படி இல்லை. முன்பெல்லாம் ஒருவர் மேடையில் ஏறி ஒரு புளுகை அவிழ்த்து விடுவார். கோயிலை இடித்தார்கள் என்பார், பெண்ணைக் கடத்தினார்கள் என்பார். சொல்லிவிட்டு ஏசி காரில் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுவார். ஊர் பற்றி எரியும். வெட்டியவன் ஜெயிலுக்குப் போவான், வெட்டுப்பட்டவன் சுடுகாட்டுக்குப் போவான், பேசிய வாய் அடுத்த தேர்தலில் மாலை வாங்கிக்கொள்ளும். பெருங்கலவரத்துக்குப் பிறகுதான் சொற்பொறுப்புச் சட்டம் வந்தது. தலைவர் என்று பதிவுபெற்ற ஒவ்வொரு வாயின் பேச்சிலும் அழியாத சொல்தடம் ஒட்டியிருக்கும். அந்தப் பேச்சு பொய்யாக இருந்து, அதனால் ஒருவருக்கு இரத்தக் காயம் பட்டால், அடித்த கைக்கு உள்ள தண்டனை பேசிய வாய்க்கும் உண்டு. முதல் வருடத்திலேயே ஒரு பழைய அமைச்சரும் இரண்டு எம்.எல்.ஏ.க்களும் உள்ளே போனார்கள். ஊர் வெடி போட்டுக் கொண்டாடியது. நானும் ஒரு சரம் கொளுத்தினேன்.

அன்றைய சொல்லுக்குச் சொந்தக்காரர் வட்டத் தலைவர் சிவனணைந்தபெருமாள். ஊரில் எல்லோருக்கும் அவர் பெருமாள் அண்ணாச்சி. அவருடைய பேச்சு ஸ்கிரீனில் வந்தபோது மேடம் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டே வரிகள்.

"கீழத்தெருவுல நம்ம பிள்ளையள் வாந்தியும் பேதியுமா ஆஸ்பத்திரியில கெடக்கு. நேத்து கீழத்தெருத் தண்ணித்தொட்டியில வேலைக்கு நின்னது ஒரு கரையேறி."

மேடம் தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் காப்பியை அவர் தொடவே இல்லை.

கரையேறிகள் என்று எங்கள் ஊர் சொல்வது, டெல்டாவில் கடல் ஏறியபோது குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்தவர்களை. மேட்டில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலும், அங்கிருந்து நீர் வரும் தொட்டிகளிலும் அவர்கள்தான் வேலை செய்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த உப்புப் புழுக்கத்தில் ஒரு நாள் நிற்கமாட்டார்கள். ஆனால் நிற்பவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு மட்டும் நேரம் இருக்கும். இந்த வருடம்தான் மேட்டுக்காரர்களுக்கு வாக்குரிமை வந்தது. வட்டத் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல் வரியை விசாரிக்க ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். மூன்று பிள்ளைகள் படுத்திருந்தது மெய். டாக்டரம்மாவே பேசினார். "ஒரு பிறந்தநாள் வீட்டுல கெட்டுப்போன இறால் பிரியாணி சாப்பிட்டிருக்குதுங்க. பரிசோதனையில தெளிவா இருக்கு. தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பெத்தவங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். வளையில வரலையேங்கிறாங்க" என்றார். தொட்டியின் சென்சார்களையும் பார்த்தேன். தண்ணீர் சுத்தமாக இருந்தது.

வளையில் பதிவுபெற்ற வாயின் பேச்சு மட்டும்தான் வரும். டாக்டர் பதிவுபெற்ற வாய் அல்ல, குடிநீர் வாரியமும் அல்ல. வதந்தி புகாமல் இருக்கத்தான் அப்படி வைத்தார்கள். வருடங்கள் போகப்போக, வளையில் வராத எதையும் காதில் போட்டுக்கொள்ளாத பழக்கம் ஊருக்கு வந்துவிட்டது. நல்ல பழக்கம் என்றுதான் நாங்களும் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வரிக்குச் சாட்சி தானாகவே படியேறி வந்தார். அமிர்தகடேசன். தொட்டியில் வேலைக்கு நின்றவர். நாற்பது வயதிருக்கும். ஆலைச் சீருடையின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். விசாரணைக்குக் கூப்பிட்டனுப்புவதற்கு முன்பே வந்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டார்.

"நேத்து கீழத்தெருத் தொட்டியில நீங்கதான் இருந்தீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமாங்கம்மா. சாயங்காலத்துலேருந்து நான்தான் இருந்தேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாராவது ஊர்க்காரங்க கூட இருந்தாங்களா? ஒரு மணி நேரமாவது மாறி நின்னாங்களா?"

மேடம் அவருக்கு ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அவருக்குப் புரியவில்லை. நாங்கள் சட்டத்தின் ஆட்கள், எங்களிடம் மெய் சொன்னால் நல்லது நடக்கும் என்று அந்த மனிதர் நம்பினார்.

"இல்லீங்கம்மா. நான் ஒருத்தன்தான். உள்ளதைத்தானே சொல்லணும். நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. தண்ணியச் சோதிச்சுப் பாத்தீங்கன்னா தெரிஞ்சிரும்."

"பாத்துட்டோம். தண்ணி நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் என்னங்கம்மா" என்று சிரித்தார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "வீட்டுல பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளைங்களும் இருக்குங்க. வாசல்ல ஆளுங்க வந்து உக்காந்துருக்காங்கன்னு போன் பண்ணினாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க இல்ல?"

மேடம் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவர் ஸ்கிரீனில் மேட்டு வாசலின் ட்ரோன் படம் ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு நானூறு பேர் இருக்கும். யாரும் கத்தவில்லை. வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்து, பந்திக்குக் காத்திருக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் பன்னும் தண்ணீரும் விநியோகித்தார். வாசலுக்குப் பக்கத்தில் கற்கள் ஒழுங்காகக் குவித்து வைக்கப்பட்டிருந்தன. கம்பிகளும் கிடந்தன.

போலீஸைக் கூப்பிட்டேன். ஊரில் இருப்பதே இரண்டு பேர். "சொல் ஈரமா இருக்கறப்ப அவங்க ஒண்ணும் செய்யலையே தம்பி. உக்காந்திருக்கறது குத்தமா?" என்று கேட்டார் ஏட்டு. நடந்தபின் வந்து தடம் எடுப்பதுதான் இப்போது போலீஸ் வேலை. அதை மிக நன்றாகச் செய்வார்கள்.

படகு உதிரிப்பாகங்களை அச்சிட்டுத் தரும் கடை வைத்திருக்கிற தாவீது மாமாவையும் கூட்டத்தில் பார்த்தேன். என் தங்கச்சி கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி விசாரித்தவர். எறும்பைக்கூட ஒதுங்கி மிதிக்காமல் போகிற மனிதர். போனில் அழைத்தேன்.

"மாமா, நீங்க எதுக்கு அங்க?"

"காயட்டும்னு இருக்கோம் மாப்ள. இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?"

"காஞ்சா என்ன செய்வீய?"

"அதான் தெரியுமே. பிள்ளையளுக்கு வெசம் வச்சவனச் சும்மா விட முடியுமா?"

"அண்ணாச்சி வெசம்னு சொல்லலயே மாமா. தொட்டியில ஆள் நின்னான்னுதான் சொல்லியிருக்காவ."

"அத வேற வாயத் தொறந்து சொல்லணுமாக்கும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, எனக்கு நல்லது சொல்லும் தோரணையில் பேசினார். "நாங்க சட்டத்த மீறுத ஆளுவ இல்ல மாப்ள. ஈரத்துல தொட்டாத்தான் இரட்டைத் தண்டனை. காஞ்சத நம்பிச் செஞ்சா மூணு மாசம், அதுவும் பெயில்ல வந்துரலாம். வக்கீல்ட்ட கேட்டுட்டுத்தான் வந்தோம்."

அவர் சொன்னது சரிதான். சட்டத்தின் வாலில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. நம்பிச் செய்தோர் விலக்கு என்று பெயர். மெய் என்று அரசாங்கமே சொன்னதை நம்பி ஒருவன் நடந்துகொண்டால், பொறுப்பு நம்பியவனுடையது அல்ல, சொன்னவனுடையது. பெரிய தலைகளைப் பிடிக்கவேண்டும் என்கிற வேகத்தில், சின்னக் கைகளை விட்டுவிட்டார்கள். சொன்னது பொய்யாக இருந்தால் சொன்னவன் மாட்டுவான். சொன்னது மெய்யாக இருந்தால் சொன்னவன்மேல் குற்றம் இல்லை, செய்தவனுக்கும் அந்த மூன்று மாதம்தான். செத்தவன் மட்டும் செத்ததுதான். இத்தனை வருடமாக இந்த ஓட்டை எங்கள் கண்ணில் படவில்லை. அண்ணாச்சி கண்ணில் பட்டிருக்கிறது.

அவர் எங்கள் ஈர அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னக் குங்குமம். என்னைப் பார்த்ததும், "வா இசக்கி, உங்கய்யா சௌக்கியமா?" என்று விசாரித்தார். மேடம் அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு வரி பேசுங்க. தண்ணி நல்ல தண்ணி, பிள்ளைங்க கெட்டுப்போன இறால் சாப்பிட்டதுன்னு சொல்லுங்க. உடனே நான் மூணையும் சேர்த்து மெய்னு கை வைக்கறேன்."

"நான் எதுக்கும்மா சொல்லணும்? நான் டாக்டரா?"

"உங்களுக்குத் தெரியும்ல, தண்ணி நல்லாருக்குன்னு?"

"எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் பேசணும்னு சட்டம் இருக்கா?"

"மேட்டுல குழந்தைங்க இருக்கு அண்ணாச்சி."

அவர் காலை இறக்கி வைத்தார். கோபப்படவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசினார். "எம்மா, நான் ஒரு பொய் சொன்னேம்னா என்னப் புடிச்சு உள்ள போடுங்க. தூக்குலகூடப் போடுங்க. மெய் பேசுனதுக்கு என்ன தண்டனைன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? நான் பேசுனது ரெண்டு வரி. ரெண்டும் மெய்யா, இல்லையா? அதச் சொல்லத்தான உங்களுக்குச் சம்பளம்?"

"நீங்க சொல்லாம விட்டது?"

"சொல்லாம விட்டத விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

இல்லை. சொல்லாத சொல்லை ஆராயவோ, தானாக ஒரு சொல்லைச் சேர்க்கவோ நிலையத்துக்கு உரிமை கிடையாது. உரிமை கொடுத்தால் நாங்களே அரசியல் பண்ண ஆரம்பித்துவிடுவோம் என்று பயந்தார்கள். மெய், பொய், இந்த இரண்டு மட்டும்தான் எங்கள் வாயில் இருந்து வரலாம். அதனால்தான் எங்கள் சொல் மட்டும் ஈரமில்லாமல், பிறக்கும்போதே காய்ந்து பிறக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை சட்டம் படித்திருந்தது. எனக்கு அவரை அறையவேண்டும்போல் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் நாங்கள் கை வைக்காவிட்டால், சென்னையில் இருக்கிற தலைமை நிலையம் தரவுகளைப் பார்த்துத் தானே அறிவித்துவிடும். தரவுகள் மெய் என்றுதான் சொல்லும். மேடம் தலைமை நிலையத்துக்கு மூன்று முறை பேசினார். மூன்று முறையும் ஒரே பதில். சொன்னது மெய்யா, இல்லையா? வேறு எதையும் அவர்கள் கேட்கத் தயாராக இல்லை. மேட்டுக் குடியிருப்புக்கு ஒரே ஒரு வாசல். பின்பக்கம் உப்பளமும் கடலும். ஸ்கிரீனில் கூட்டம் இப்போது எழுந்து நின்றுகொண்டிருந்தது. நாற்காலிகளை மடித்து ஓரமாக அடுக்கினார்கள். யாரோ ஒரு பெண் வாசல் கம்பிக்கு உள்ளே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அமிர்தகடேசன் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அதுதாங்க என் வீட்டுல" என்றார்.

மேடம் தட்டின் அருகே போய் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இசக்கி, நான் பொய்னு வைக்கப்போறேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "மேடம், அது மெய்."

"தெரியும். பொய்னு வச்சா வளை இறுகும். அவங்க கலைஞ்சு வீட்டுக்குப் போயிருவாங்க. இத்தனை வருஷத்துல நம்ம சொல்ல மீறி ஒரு கை ஓங்கினதில்ல. ரத்தம் சிந்தலைன்னா அண்ணாச்சிக்கும் பெரிய தண்டனை கிடையாது, பதிவு மட்டும் போகும். மேல்முறையீட்டுல அவர் ஜெயிச்சுருவார். நான் உள்ள போவேன். நீ கட்டாயம் வைக்கணும்னு இல்ல. யோசி."

எனக்குப் பயமாக இருந்தது. வேலை போகும், ஜெயில் கிடைக்கும், அய்யா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் அமிர்தகடேசன் ஸ்கிரீனில் அந்தப் பெண்ணின் உருவத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் போய்க் கையை வைத்தேன். மேடத்தின் கை என் கைக்குப் பக்கத்தில் வியர்த்திருந்தது.

எல்லோருடைய வளையும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. என்னுடையதும் இறுகியது. ஈர அறையிலிருந்து வெளியே வந்த அண்ணாச்சி தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததே இல்லை.

ஸ்கிரீனில் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு ஒருவர் கையில் இருந்த கல்லைக் குனிந்து கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். தாவீது மாமா வாசல் கம்பி அருகே போய், உள்ளே நின்ற பெண்ணிடம் இரண்டு கையையும் கூப்பினார். மன்னிப்புக் கேட்கிறார் என்று தெரிந்தது. மிச்சமிருந்த பன்னை உள்ளே இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அமிர்தகடேசன் தரையில் உட்கார்ந்து அழுதார். மேடமும் அழுதார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உருப்படியான காரியம் செய்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

கூட்டம் கலையவில்லை என்பதை முதலில் கவனித்தவர் அண்ணாச்சிதான்.

"எங்க போறானுவ?" என்றார்.

மேட்டிலிருந்து ஊருக்குள் போகிறவர்கள் வலதுபுறம் திரும்பவேண்டும். இவர்கள் யாரும் திரும்பவில்லை. நேராகக் கடற்கரைச் சாலையில் இறங்கினார்கள். முன்னால் நடந்த சிலர் குனிந்து, கீழே வைத்த கற்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் தாவீது மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அதான் பொய்னு வந்துட்டுல்லா? வீட்டுக்குப் போங்க."

"போவோம். பெருமாள் வீடு வரைக்கும் போயிட்டுப் போவோம்."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? குழந்தைங்க இருக்குத எடம் மாப்ள அது. அவன் பேச்ச நம்பி நாங்க என்ன செய்ய இருந்தோம் தெரியுமா? எங்களக் கொலகாரனாக்கப் பாத்தான். நெலயமே சொல்லிட்டு, அவன் பொய்யன்னு. காஞ்ச சொல்லு."

அவருடைய கோபம் நியாயமான கோபம். அதுதான் என்னைக் கலக்கியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அண்ணாச்சி எங்கள் இரும்புக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார். அவர் வீட்டுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. எங்கள் நிலையத்தைத் தாண்டி, சாலை வளைகிற இடத்தில் இருக்கிறது அந்த வீடு.

"எம்மா, வீட்டுல எம்மவ இருக்கா" என்றார் அண்ணாச்சி. "தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. அவளும் அவ அம்மையும் மட்டுந்தான். அவளால ஓடக்கூட முடியாது." போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. "மெய்னு வைங்கம்மா. நான் சொன்னது மெய்தான? உங்களுக்குத் தெரியும்லா? மாத்தி வைங்க."

மேடம் தட்டை நோக்கி நடந்தார். பாதியில் நின்றுவிட்டார். மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சாலையிலேயே நின்று, திரும்பி, மேட்டுக்குப் போகும். அமிர்தகடேசன் தரையிலிருந்து எழுந்து வந்து தட்டுக்கு முன்னால் நின்றார். அவர் யாரையும் தொடவில்லை, தடுக்கவில்லை.

"வேணாங்கம்மா" என்றார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. "என்னை மன்னிச்சிருங்க. வேணாங்க."

"நான் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி கத்தினார். "நீங்க காலையில கேட்டீங்கள்ல, அந்த வரிய இப்பம் சொல்லுதேன். தண்ணி நல்ல தண்ணி. பிள்ளையள் இறால் சாப்பிட்டு வாந்தி எடுத்துச்சு. கரையேறி மேல ஒரு குத்தமும் இல்ல. எங்க மைக்?"

மேடமே அவரை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார். அண்ணாச்சி ஒரு சொல் பிசகாமல் பேசினார். நான் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளை குளிரவில்லை. நீலம் ஓடவில்லை. பொய் சொன்னதாக அறிவிக்கப்பட்டவரின் பதிவு அந்தக் கணமே ரத்தாகிவிடும். அவர் இப்போது பதிவுபெற்ற வாய் அல்ல. ஊரில் எல்லோரையும் போல ஒரு வெறும் வாய். இருந்தும் அவர் மைக்கை விடவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

மேடம் தட்டுக்கும் அமிர்தகடேசனுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். இனி அவர் மெய் சொன்னால் மேட்டில் சாவார்கள், சொல்லாமல் இருந்தால் சாலை வளைவு வீட்டில் சாவார்கள். பொய் சொன்ன தலைவர்களைப் பிடிக்கத்தான் எங்களை உட்கார வைத்தார்கள். ஒரு பொய்யால் கூட்டம் ஒரு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லின் தடம் எங்கள் இரண்டு உள்ளங்கைகளில் இருந்தது.

நான் படியிறங்கி ஓடினேன். இரும்புக் கதவைத் திறந்து சாலையின் நடுவில் போய் நின்றேன். கூட்டம் பக்கத்தில் வந்துவிட்டது. முன்னால் தாவீது மாமா. எல்லாம் தெரிந்த முகங்கள். எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருவரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லோரும் மரியாதையாக நின்றார்கள். நான் நிலையத்து ஆள்.

"என்ன மாப்ள, புதுசா ஏதும் சொல்லு வருதா?" என்று தாவீது மாமா கேட்டார்.

வாயைத் திறந்தேன். அண்ணாச்சி சொன்னது மெய்தான், நாங்கள்தான் பொய் சொன்னோம் என்று சொல்லலாம். சொன்னால் இவர்கள் திரும்பி நடப்பார்கள். அமிர்தகடேசனின் மனைவி இன்னும் அந்தக் கம்பிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்த எந்த மெய்யைச் சொன்னாலும் யாரோ ஒருவர் சாவார்கள்.

"யாரு மேலயும் கை வைக்காதீய மாமா" என்றேன். "அந்தப் பிள்ள மாசமா இருக்கா. மேட்டுலயும் வேண்டாம், இங்கயும் வேண்டாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

தாவீது மாமா தன் மணிக்கட்டைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"ஒண்ணும் வரலயே" என்றார். "நீ சொல்லுதது மெய்யா, பொய்யா?"

"ரெண்டும் இல்ல மாமா. நான் கேக்கேன். கெஞ்சிக் கேக்கேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எனக்காக வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை என்று இல்லை, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கெஞ்சுவது மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. அது ஈரமாக இருக்காது, காயவும் செய்யாது.

"தள்ளி நில்லுல, மேல பட்டுறப் போவுது" என்றார். என் தோளில் கைபோட்டு, மெதுவாக என்னைச் சாலையோரம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனார். கூட்டம் என்னை இடிக்காமல் விலகி விலகிக் கடந்தது. டீச்சர் மட்டும், "அழாதடா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் சாலைவரை தெளிவாகக் கேட்டது. தண்ணி நல்ல தண்ணி, ஒருத்தன் மேலயும் குத்தம் இல்ல, எம்மவள விட்டுருங்க என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் காதிலும் அது விழுந்திருக்கும். கடைசி ஆள் வளைவில் திரும்பும்வரை ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.